டிவி இன்ஸ்பெக்டரும் எங்கள் வாய்க்கால் கேசும்

சென்ற மாதம் எங்கள் பழைய ஸ்டேஷனில் ஒரு பிரிவு உபசார விழா. ஓய்வு பெற்றவர்களையும் கூப்பிட்டுச் சால்வை போர்த்தினார்கள். புதிதாக வந்திருக்கும் இளம் எஸ்.ஐ. ஒருவர், உடற்பயிற்சி செய்து செய்து சட்டைக் கையைப் பிதுங்க வைத்திருப்பவர், என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"ஐயா, நீங்க சர்வீஸ்ல இருக்கும்போது சினிமால வார மாதிரி ஒரு இன்ஸ்பெக்டரயாவது பாத்திருக்கியளா?"

பார்த்திருக்கிறேன் என்றேன். அவர் நிஜமாகவே சினிமா இன்ஸ்பெக்டர்தான் என்றும் சொன்னேன். பையன் விழித்தார். அதற்குள் கேசரி வந்துவிட்டது, கதை நின்றுபோனது. எதையும் பாதியில் விட்டால் எனக்குத் தூக்கம் வராது. அதனால் முழுவதையும் இங்கே எழுதுகிறேன். யாராவது அந்த எஸ்.ஐ.யிடம் காட்டுங்கள்.

என் பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. ஓடச் சொன்னார்கள், ஓடினேன். ஆயுதப்படையில் சில வருடம் லாரியில் ஏற்றி இறக்கினார்கள். பிறகு தாலுகா ஸ்டேஷன்களுக்கு வந்தேன். தொண்ணூறுகளின் கடைசியில், சேரன்மகாதேவிக்கும் கல்லிடைக்குறிச்சிக்கும் நடுவில் ஆற்றை ஒட்டிய ஒரு ஸ்டேஷனில் ஏட்டாக இருந்தேன். ஊர் பெயர் வேண்டாம். அந்த ஊர்க்காரர்கள் பொல்லாதவர்கள், ஒரு எழுத்து தப்பாக இருந்தாலும் பஸ் ஏறி வீட்டுக்கே வந்துவிடுவார்கள்.

அப்போது எங்களுக்குப் புதிதாக வந்த இன்ஸ்பெக்டர் தேவசகாயம். கடற்கரைக்காரர். அப்பாவும் தாத்தாவும் வள்ளத்தில் மீன் பிடிக்கப் போனவர்கள். கடலோரத்து ஆட்களுக்குக் காற்றில் கத்திக் கத்திக் குரல் பெரிதாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். இவர் பேசுவது எதிரே நாற்காலியில் இருப்பவனுக்கே கேட்காது. புகார் கொடுக்க வருகிறவன் கோபத்தோடு வருவான், கத்துவான். இவர் ஏதோ முணுமுணுப்பார். என்ன சொல்கிறார் என்று கேட்க அவன் குனிவான். குனிந்துகொண்டு எவ்வளவு நேரம் கத்த முடியும்? கொஞ்ச நேரத்தில் அவனும் முணுமுணுக்க ஆரம்பித்துவிடுவான்.

தொப்பியைக் கழற்றி மேசையில் மல்லாக்க வைப்பார். அதற்குள் ஒரு பொட்டலம் பொரிகடலை இருக்கும். அரசாங்கத் தொப்பியைப் பாத்திரமாகப் பயன்படுத்தியவர் அவர் ஒருவராகத்தான் இருப்பார். யாரைப் பிடித்துக்கொண்டு வந்தாலும் முதல் வார்த்தை "உக்காரு மக்கா." இரண்டாவது "தண்ணி குடிச்சியா?" அவன் குடித்து முடிக்கும்வரை கேள்வி கிடையாது. எனக்கு எரிச்சலாக வரும். பெரிய பெரிய இன்ஸ்பெக்டர்களிடம் வேலை பார்த்துவிட்டு, கடைசியில் திருடனுக்குச் செம்பில் தண்ணீர் மோந்து கொடுக்கிற உத்தியோகம் பார்க்கிறோமே என்று வீட்டில் புலம்பியிருக்கிறேன்.

அவர் வந்த சில நாட்களிலேயே ஒரு கனமான கேஸ் விழுந்தது. பிசான நெல்லுக்கு முறை வைத்துத் தண்ணீர் விடுகிற நேரம். கணபதி என்று ஒருவர், அவருடைய தங்கை பேச்சியம்மாள், அவள் புருஷன் சுடலைமுத்து. மச்சான் வயலும் மைத்துனன் வயலும் ஒரே வாய்க்காலில் அடுத்தடுத்து. மடையை யார் முதலில் திறப்பது என்று பேச்சு தடித்தது. சுடலைமுத்து கையிலிருந்த மம்பட்டியை வீசிவிட்டான். கணபதியின் இடது கையில் இரண்டு விரல் போனது, தோளில் ஆழமான வெட்டு. பாளையங்கோட்டைப் பெரியாஸ்பத்திரியில் போட்டிருந்தார்கள். பிழைப்பாரா என்று டாக்டர்களே வாயைத் திறக்கவில்லை.

சுடலைமுத்து ஓடி ஒளிந்துவிட்டான். கொலை முயற்சி என்று வழக்குப் போட்டுத் தேடினோம். எங்களுக்கு முன்னால் வேறு இரண்டு பேர் தேடிக்கொண்டிருந்தார்கள். கணபதியின் தம்பிகள், முருகனும் ராசுவும். ஆளுக்கொரு அரிவாளோடு வாழைத் தோட்டம் தோட்டமாக நுழைந்து வந்தார்கள். பேச்சியம்மாளுக்கு அவர்கள் கூடப்பிறந்தவர்கள். அண்ணன் ஆஸ்பத்திரியில், புருஷன் ஒளிவில், தம்பிகள் அரிவாளோடு. அவள் அப்பளம் போடுகிற வீட்டுக்கு வேலைக்குப் போவதை விட்டுவிட்டு, தினமும் எங்கள் ஸ்டேஷன் வேப்பமரத்தடியில் வந்து உட்கார்ந்திருப்பாள். ஒன்றும் கேட்க மாட்டாள். அவள் கண்ணைப் பார்க்க முடியாமல் நான் பின்வாசல் வழியாகப் போய்வந்தேன்.

"தம்பிக கையில மாப்பிள்ள சிக்கினா ரெண்டு குடும்பமும் முடிஞ்சுது," என்றார் இன்ஸ்பெக்டர். "அதுக்கு முன்னாடி அவன் நம்மகிட்ட வரணும் வே. வேற வழியில்ல."

இந்த லட்சணத்தில்தான் சென்னையிலிருந்து டிவிப் படக்காரர்கள் வேனில் வந்து இறங்கினார்கள்.

டிவியில் ஞாயிற்றுக்கிழமை போடுவதற்காக எடுக்கிற படம். பெயர் ஏதோ புலி என்று முடியும், வேங்கையாகவும் இருக்கலாம். யாருக்கும் அடங்காத ஒரு இன்ஸ்பெக்டர் கதை. மேலதிகாரி சஸ்பெண்டு உத்தரவு கொடுத்தால் அதைக் கிழித்து அவர் மூஞ்சியிலேயே எறிவாராம். பிறகு துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு தனியாளாகப் போய் ரவுடிகளை ஒழிப்பாராம். எஸ்.பி. ஆபீசிலிருந்து எங்களுக்கு உத்தரவு, பந்தோபஸ்து கொடுக்கவும், வேண்டிய உதவி செய்யவும். அந்தப் பாக்கியம் எனக்குக் கிடைத்தது.

ஹீரோ நல்ல உயரம். சினிமாப் பெயர் என்னவோ வைத்திருந்தார், சொந்தப் பெயர் சொக்கலிங்கம். மேடை நாடகம் போட்டுக்கொண்டிருந்தவர், இதுதான் முதல் படம். அவருக்குப் போட்டிருந்த யூனிபார்மை மேலிருந்து கீழே ஒருமுறை பார்த்தேன். தோளில் மூன்று நட்சத்திரம் சரி. பெயர்ப் பட்டை பக்கம் மாறிக் கிடந்தது. பெல்ட்டின் பக்கிள் ஒரு சாப்பாட்டுத் தட்டு அளவு. சட்டையில் மேல் பொத்தான்களைக் காணோம். "கோபக்கார போலீஸ் சார்," என்று விளக்கம் சொன்னார் டைரக்டர். கோபம் வந்தால் பொத்தான் அறுந்துவிடும் போலிருக்கிறது.

மனிதர் மட்டும் தங்கமானவர். தொழிலில் சிரத்தை உள்ளவர். "ஒரு நாள் ஸ்டேஷன்ல உக்காந்து நிஜ இன்ஸ்பெக்டர் எப்படி நடந்துக்கிறாருன்னு பாக்கணும் சார்," என்று கேட்டு வந்தார். அன்று ஒரு சைக்கிள் திருடனைக் கொண்டுவந்திருந்தார்கள். தேவசகாயம் ஐயா அவனை உட்காரவைத்தார், தண்ணீர் கொடுத்தார், பொரிகடலையை நீட்டினார். ஹீரோ என் காதில் கிசுகிசுத்தார்.

"சார், எப்ப அடிப்பாரு?"

"அடிக்க மாட்டார்."

"அப்ப நாளைக்கா?"

"நாளைக்கும் மாட்டார். நீங்க டீ குடிங்க."

சாயங்காலம்வரை பார்த்துவிட்டு முகம் வாடிப் போனார் பாவம். பெரிய சமையல்காரனைப் பார்க்க வந்தவனுக்குக் கஞ்சி ஊற்றி அனுப்பியது மாதிரி ஆகிவிட்டது.

படப்பிடிப்பு ஆற்றங்கரையில். முதல் நாளே அவர்களுடைய மேனேஜர் என்னிடம் வந்தார். "ஏட்டையா, நாளைக்குக் காலைல இங்க சாரம் கட்டணும். ஒரு பத்து ஆளுங்களுக்கு ஏற்பாடு பண்ணுங்க." நான் ஊருக்குள் போய்ச் சொல்லிவிட்டேன். பத்து பேர் சாரம் கட்டி வரணும், சினிமாவில் சேர்க்கிறார்கள் என்று. எங்கள் பக்கத்தில் சாரம் என்றால் லுங்கி. மறுநாள் காலையில் பத்து பேர் பெட்டியிலிருந்து எடுத்த புதுச் சாரத்தை மடிப்புக் கலையாமல் கட்டிக்கொண்டு, எண்ணெய் தடவித் தலைசீவி, வரிசையாக நின்றார்கள். மேனேஜர் கேட்டது கேமராவை உயரத்தில் வைப்பதற்குக் கம்பு நட்டுக் கட்டுகிற சாரம். அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். கொத்தனார் வேலைக்கு ஆள் வேண்டுமென்றால் கொத்தனார் வேலை என்று சொல்ல வேண்டியதுதானே. எங்கள் ஊரில் வந்து எங்கள் சொல்லுக்கு வேறு அர்த்தம் வைத்திருந்தால் நான் என்ன செய்வேன்?

டைரக்டருக்கு அவர்களைப் பார்த்ததும் பிடித்துப்போனது. "இவங்கதான் வில்லனோட ஆளுங்க," என்று பத்துப் பேரையும் அப்படியே எடுத்துக்கொண்டார். ஆளுக்கொரு அட்டை அரிவாள் கொடுத்தார், வெள்ளித்தாள் ஒட்டியது. வரிசையில் நின்றவர்களை அப்போதுதான் ஒழுங்காகப் பார்த்தேன். கடைசி இரண்டு பேர் முருகனும் ராசுவும். மைத்துனனைத் தேடுகிற வேலையை ஒத்திவைத்துவிட்டு சினிமாவில் நடிக்க வந்திருந்தார்கள். மனுஷப் பிறவியை என்னவென்று சொல்ல.

ஓடிப் போய் இன்ஸ்பெக்டரிடம் சொன்னேன். அவர் ஒரு பிடி பொரிகடலையை வாயில் போட்டு மென்றார்.

"நல்லதாப் போச்சு," என்றார். "அவனுகள எல்லா சீன்லயும் சேக்கச் சொல்லும். காலைல இருந்து பொழுது சாயுத வரைக்கும் ஆத்தங்கரய விட்டு நகரக் கூடாது."

பிறகு பேச்சியம்மாளைக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். அவள் தண்ணீர் குடித்து முடிக்கும்வரை காத்திருந்தார். "ஒங்க வீட்டுக்காரர் எங்க இருக்காருன்னு நான் கேக்கல தாயி. ஒங்களுக்குத் தெரியாதுன்னே வச்சிக்கிடுதேன். தெரிஞ்சவுக யாராவது இருந்தா ஒண்ணு சொல்லச் சொல்லுங்க. ஒங்க தம்பிகள இன்ஸ்பெக்டர் பகல் பூரா கண்ணு முன்னால நிப்பாட்டி வச்சிருக்காரு. பயப்படாம அவர்ட்ட வரலாம். மேல ஒரு தூசி விழாது."

பேச்சியம்மாள் அதை ஒரு வார்த்தை பிசகாமல் புருஷனிடம் சொல்லியிருக்கிறாள். அங்கேதான் வினை. அவன் ஒளிந்திருந்தது ஆற்றுக்கு அக்கரையில், வாழைத் தோப்புக்குள். புது இன்ஸ்பெக்டரை அவன் கண்ணால் பார்த்ததில்லை. சினிமாக்காரர்கள் வந்த விஷயம் அவனுக்கு எப்படித் தெரியும்? அவளும் சொல்லவில்லை. புருஷன் உயிர் ஊசலாடும்போது சினிமாப் பேச்சு எதற்கு என்று விட்டிருப்பாள்.

மறுநாள் அவன் தோப்பு விளிம்பில் வந்து எட்டிப் பார்த்திருக்கிறான். இக்கரையில் ஒரு இன்ஸ்பெக்டர் நிற்கிறார், தோளில் மூன்று நட்சத்திரம். எதிரே முருகனும் ராசுவும். கேமரா நாணல் மறைவில், அவனுக்குத் தெரியவில்லை. சொன்னபடியே கண் முன்னால் நிப்பாட்டித்தான் வைத்திருக்கிறார் என்று நினைத்துக்கொண்டான். அவன் பார்க்கப் பார்க்க அந்த இன்ஸ்பெக்டர் இரண்டு மைத்துனன்களையும் குத்தினார், உதைத்தார், தூக்கி மணலில் எறிந்தார். விழுந்தவர்கள் எழுந்தார்கள், சாரத்தைத் தட்டிவிட்டுக்கொண்டு, அதே இன்ஸ்பெக்டரோடு நின்று டீ குடித்தார்கள். மறுபடி அடி, மறுபடி டீ. மத்தியானம்வரை பார்த்திருக்கிறான்.

பிற்பாடு என்னிடம் சொன்னான்: "ஏட்டையா, அந்தப் போடு போடுதாரு, ஆனா அடி வாங்குனவன்லாம் எந்திரிச்சு டீ குடிக்கான். சரி, இவர்ட்ட அடி வாங்கலாம்னு துணிஞ்சுதான் வந்தேன்."

நான் கரையில் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டிருந்தேன். அன்றைய காட்சியில் ஹீரோ முழங்கால் தண்ணீரில் நின்று வசனம் பேச வேண்டும். மனிதருக்கு நீச்சல் தெரியாது, முழங்கால் தண்ணீருக்கே பயந்துபோய் நின்றார். சுற்றிலும் அட்டை அரிவாளோடு பத்து பேர். கேமரா ஓடுகிறது. அக்கரையிலிருந்து ஒருவன் தண்ணீரை அளைந்துகொண்டு நேராக வருகிறான். தாடி, ஒட்டிய கன்னம், கைகளைத் தலைக்கு மேல் கூப்பியிருக்கிறான். ஹீரோவின் காலில் விழுந்தான்.

"ஐயா, மச்சான வெட்டுனது நாந்தான்யா. என்னய என்னமும் செய்யுங்க. மச்சினமாருட்ட மட்டும் விட்டுராதிய."

இவனும் நான் ஊரிலிருந்து அனுப்பிய ஆள்தான், சொந்தமாக நடிக்கிறான் என்று டைரக்டர் நினைத்தார். நிறுத்த வேண்டாம் என்று கேமராக்காரருக்குச் சைகை காட்டினார். எனக்கு ஆள் யாரென்று புரிந்துவிட்டது. முருகன் அசையாமல் நின்றான். சின்னவன் ராசு அட்டை அரிவாளை எறிந்துவிட்டுக் கரைக்கு ஓடினான். படக்காரர்களுக்கு இளநீர் வெட்டுவதற்கு ஒரு அரிவாள் கிடந்தது, நிஜ அரிவாள். அதை எடுத்துக்கொண்டு தண்ணீருக்குள் திரும்பினான். நான் ஓடினேன். என் தொந்தியை வைத்துக்கொண்டு மணலில் எவ்வளவு வேகம் ஓட முடியும்? 

ஹீரோவுக்கு எது நடிப்பு, எது நிஜம் என்று அந்த அரிவாளைப் பார்த்ததும் புரிந்துவிட்டது. படத்தில் அவர் இந்த இடத்தில் பாய்ந்து உதைப்பவர். நிஜத்தில் காலைத் தூக்கக்கூட இல்லை, நானே பார்த்தேன். ஆனால் விலகவில்லை. காலைப் பிடித்திருந்தவனுக்கும் அரிவாளுக்கும் நடுவில் நின்றுகொண்டார். பயத்தில் குரல் உள்ளே போய்விட்டது. ராசுவிடம் ஏதோ முணுமுணுத்தார். ராசு நின்றான்.

"என்ன?"

"உக்காருப்பா," என்றார் ஹீரோ. "முதல்ல உக்காரு. தண்ணி குடிச்சியா?"

ஆற்றுத் தண்ணீரில், முழங்கால் நனைய நிற்பவனிடம் தண்ணீர் குடித்தாயா என்று கேட்கிறார். ராசு தண்ணீரையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தான். அப்படி விழித்த நேரம் எனக்குப் போதும். பின்னாலிருந்து மணிக்கட்டைப் பிடித்து முறுக்கினேன், அரிவாள் தண்ணீரில் விழுந்தது. ராசு என் தோளில் சாய்ந்து ஏங்கி ஏங்கி அழ ஆரம்பித்தான். ஹீரோ தண்ணீரிலேயே உட்கார்ந்துவிட்டார். அவரைத் தூக்க இரண்டு ஆள் வேண்டியிருந்தது.

ஸ்டேஷனில் தேவசகாயம் ஐயா சுடலைமுத்துவை உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து, சோறு வாங்கிப் போட்டார். உடம்பில் காயம் ஏதும் இல்லை என்று டாக்டரிடம் காட்டி எழுதி வாங்கினார். கைது செய்த விவரத்தைப் பேச்சியம்மாளிடம் நேரில் சொன்னார். அன்றைக்கே மாஜிஸ்திரேட் முன்னால் நிறுத்தினார். எங்களுக்கு ஒரு சட்டச் சிக்கல் மிச்சமிருந்தது. போலீஸ் அதிகாரியிடம் ஒருவன் குற்றத்தை ஒப்புக்கொண்டால் அது கோர்ட்டில் செல்லாது. சாதாரண மனிதனிடம் ஒப்புக்கொண்டால் செல்லும். ஹீரோ போலீஸா, சாதாரண மனிதனா? அவரைச் சாட்சியாகப் போட்டால் கேஸ் இறுகிவிடும், பெரிய தண்டனை வாங்கலாம் என்று நான் துள்ளினேன்.

"வேண்டாம் வே," என்றார் ஐயா. "அவன் போலீஸ்ட்ட சொல்லுதோம்னு நம்பித்தான் சொன்னான். அந்த நம்பிக்கைய வச்சி அவனக் குத்தக் கூடாது. வேற சாட்சி நெறய இருக்கு."

கணபதி பிழைத்துக்கொண்டார். சுடலைமுத்துவுக்குச் சில வருடம் தண்டனை, பாளையங்கோட்டை ஜெயில். கேஸ் முடிந்தது, பகை முடியவில்லை. பேச்சியம்மாள் அண்ணன் வீட்டு வாசலை மிதிக்கவில்லை. கணபதி தங்கை புருஷன் பெயரை வாயால் சொல்லவில்லை, சொல்ல நேர்ந்தால் "அந்தப் பய" என்பார். ஜெயிலிலிருந்து அவன் வெளியே வருகிற அன்றைக்கு என்ன நடக்குமோ என்று ஊரே எதிர்பார்த்திருந்தது. நானும்தான்.

படம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் டிவியில் வந்தது. கணபதி வீட்டில் கேபிள் இருந்தது. தம்பிகள் நடித்திருக்கிறார்கள் என்று தெருவே அங்கே கூடிவிட்டது. எனக்கும் அழைப்பு. உள்ளே நுழையும்போது பார்த்தேன், பேச்சியம்மாள் தெருவில் எதிர்ச் சுவரோரம் நின்று ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

படத்தைப் பற்றி நான் என்ன சொல்ல. ஹீரோ துப்பாக்கியில் குண்டு தீரவே தீராது. எங்களுக்கு ஒரு காலித் தோட்டா குறைந்தால் ஆற்று மணலைச் சல்லடை போட்டுச் சலிக்கச் சொல்வார்கள். சாரம் கட்டிய பத்துப் பேரும் திரும்பத் திரும்ப அடி வாங்கினார்கள், தெரு கைதட்டியது. திடீரென்று அந்தக் காட்சி வந்தது. டைரக்டர் அதை வீசவில்லை, சேர்த்துவிட்டார். ஹீரோ முணுமுணுத்ததை எடுத்துவிட்டு, யாரோ ஒருவர் குரலில் ஒரு கர்ஜனையை ஒட்டியிருந்தார்கள். அந்த மனிதர் வாழ்நாளில் செய்த ஒரே வீரத்தை அப்படிக் கெடுத்துவைத்திருந்தார்கள்.

அடுத்து சுடலைமுத்துவின் முகம் திரை முழுக்க வந்தது. கூப்பிய கை, நனைந்த தாடி, உள்ளே போன கண். அவன் பேசியதையும் எடுத்துவிட்டிருந்தார்கள், உதடு மட்டும் அசைந்தது.  முருகனும் ராசுவும் தரையைப் பார்த்தார்கள். நான் கணபதியைப் பார்த்தேன். விரல் போன கையை மடியில் வைத்துக்கொண்டு டிவியையே பார்த்துக்கொண்டிருந்தார். எழுந்து டிவியை உடைப்பார் என்றுதான் நினைத்தேன்.

"என்ன, மாப்பிள்ள இப்படி மெலிஞ்சு போயிட்டாரு," என்றார்.

 திரையில் ஹீரோ மறுபடி சுட ஆரம்பித்திருந்தார். கணபதி என் பக்கம் திரும்பாமலே கேட்டார்.

"ஏட்டையா, ஜெயில்ல ஆளப் பாக்கதுக்கு என்னைக்கு விடுவாக?"

சொன்னேன். என்ன நேரம், யார் யார் போகலாம், என்ன கொண்டுபோகலாம் என்று எல்லாம் சொன்னேன். என் குரல் எனக்கே சரியாகக் கேட்கவில்லை. எல்லாவற்றையும் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். பிறகு ஜன்னலைப் பார்த்துச் சொன்னார்.

"ஏளா பேச்சி, வெயில்ல ஏன் நிக்க, உள்ள வா."

அவள் உள்ளே வந்து அண்ணன் காலடியில் உட்கார்ந்து, அந்தக் குறைப்பட்ட கையை எடுத்துத் தன் முகத்தில் வைத்துக்கொண்டு வாய்விட்டு அழுதாள். ராசு எழுந்து போய் டிவியை நிறுத்தினான்.